மூடாமல் போன வாசல்

பிப்ரவரி 4

அன்புள்ள குருவிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தையைத் தேடி நின்றால் நீ உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். பாசம்தான், தெரியும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தாளில் நான் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் குறுக்கே வர முடியாது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாவும் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுத்து கோணல் என்று கிண்டல் செய்தால் உதை விழும்.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய், என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய், லீவு முடிந்து போய்விட்டாய். நடந்ததை என் வாயால் நீ கேட்டதே இல்லை. இப்போது கேள்.

அன்று காலை பல் டாக்டருக்கு வண்டி ஓட்டும் வகுப்பு. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்ட அந்த அம்மாதான். பின்னால் எடுக்கச் சொன்னால் வண்டியும் நகராது, அவர் வாயும் மூடாது. பாலம் இறங்கும்போது "கிளட்சை மிதிங்க" என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னங்க, எதுக்கெடுத்தாலும் கண்ணாடி, கண்ணாடின்னே சொல்றீங்க?" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி. தூக்கு என்கிறேன், அது கேட்கவில்லை. வலி துளிகூட இல்லை தம்பி. உடம்பில் பாதி போகிறது, ஒரு சத்தம் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "எங்க, சிரிங்க பார்ப்போம்" என்றார். சிரித்தேன். "மரத்துப்போக ஊசி போட்டு அனுப்புற பேஷண்ட்தான் இப்படி ஒரு பக்கமா சிரிப்பாங்க. உங்களுக்கு நான் ஊசியே போடலையே!" என்றார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். ஒன்றுதான் வந்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ அடுத்த சாலையில். கற்றுக்கொள்பவர் ஓட்டினால் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உட்கார்ந்திருந்தேன், பாதி ஆசிரியராக. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அந்த அம்மா ஒரே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினார் பார், அதற்கு நான் கைதட்டியிருப்பேன். கைதான் இல்லை.

உள்ளே ஒரு சின்ன டாக்டர், "இந்த வயசுல ஸ்ட்ரோக்கெல்லாம் வராதுங்க. டென்ஷனா இருக்கும், தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்றார். பல் டாக்டர் வழியை மறித்து நின்றுகொண்டார். "ஸ்கேன் எடுத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க. எடுக்காம சொல்லாதீங்க. முதல் சில மணி நேரம் போச்சுன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து வேலை செய்யாதுன்னு உங்களுக்கே தெரியும்." ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறியது. அதனால்தான் இன்று இந்தக் கோணல் எழுத்தாவது உனக்கு வருகிறது.

உன் அக்கா

பிப்ரவரி 19

அன்பு அக்கா,

உன் கடிதத்தை மேலே எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். இத்தனை உயரத்தில் கடிதம் வாங்கிப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பல் டாக்டர் அம்மாவுக்கு என் கும்பிடு. தேர்வில் நாலாவது முறையும் தோற்றால் நான் வந்து சண்டை போடுகிறேன் என்று சொல்.

இங்கே இருபதாவது மாடிக்குக் கான்கிரீட் போகிறது. காலையில் ஏறும்போது கீழே மூடுபனி, மேலே வெயில். உலகத்தில் வேறு யாரும் இன்னும் விழிக்காத மாதிரி இருக்கும். கீழே இருந்து சிக்னல்காரர் கை காட்டுவார், கட்டைவிரல் அளவு தெரிவார். அவர் கை சொல்வதை என் கை செய்யும். எங்களுக்குள் பேச்சே கிடையாது, புருஷன் பெண்டாட்டி மாதிரி.

கை மடியில் கிடந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம் எனக்கும் அப்படித்தான். டீ கிளாஸ் இடது கையிலிருந்து நழுவிவிட்டது. விரல் சொன்னபடி கேட்கவில்லை, சிக்னல்காரரிடம் ஏதோ உளறினேனாம். இன்னொரு டீ வாங்கி வருவதற்குள் எல்லாம் சரி. குளிர்தான் காரணம். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு!

உடம்பைப் பார்த்துக்கொள்.

குருவி

பிப்ரவரி 27

தம்பி,

சிரிப்பு வந்ததா உனக்கு? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்து போனது குளிர் இல்லை. அதுவும் ஸ்ட்ரோக்தான், கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. தானாகச் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை அது திரும்பிப் போகாமல் இருக்கலாம். எனக்கும் ஸ்ட்ரோக் வந்ததற்கு முந்தின வருடம் ஒரு முறை கையிலிருந்து பேனா விழுந்தது. நான் பேனாவைத்தான் திட்டினேன்.

எனக்கு ஏன் வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. கொழுப்பில்லை, சர்க்கரையில்லை. கடைசியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அதை நான் உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். உப்புத் தண்ணீரை நுரை வரக் குலுக்கிக் கை நரம்பில் ஏற்றினார்கள். பக்கத்தில் திரை. அதில் என் இதயம், கறுப்பும் சாம்பலுமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. திடீரென்று வலது அறை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொங்கின. அந்தக் குமிழிகள் நுரையீரலுக்குப் போய் அங்கேயே கரைந்துவிட வேண்டும். "நல்லா இருமுங்க" என்றார்கள். இருமினேன். நடுச்சுவரில் ஏதோ அசைந்தது. ஒரு கொத்துப் புள்ளிகள் அந்தப் பக்கம் போயின. போனதை நானே பார்த்தேன்! என் நெஞ்சுக்குள் நடப்பதை நானே படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"வயித்துல இருக்கிறப்போ எல்லாருக்கும் இந்த வாசல் உண்டும்மா" என்றார் இதய டாக்டர். "அங்க குழந்தை மூச்சு விடறதில்ல, காத்தெல்லாம் அம்மா மூலமாத்தான். அதனால ரத்தம் நுரையீரலுக்குப் போகாம குறுக்கு வழியில வரும். பிறந்து முதல் அழுகை அழுததும் வாசல் சாத்திக்கும். நாலு பேர்ல ஒருத்தருக்கு முழுசா ஒட்டாது. முக்கால்வாசிப் பேருக்கு அதனால ஒண்ணும் ஆகாது, தெரியாமலே நூறு வயசு வாழ்வாங்க. உங்களுக்கு ஒரு சின்ன ரத்தக்கட்டி அந்த வழியா மூளைக்குப் போயிருச்சு."

யோசித்துப் பார். நம்மை அம்மா வயிற்றில் உயிரோடு வைத்திருந்த வாசல் அது. அதே வாசல் முப்பத்தாறு வருடம் கழித்து என்னைக் கொல்லப் பார்த்தது. கால் நரம்பு வழியாகச் சின்னக் குடை மாதிரி ஒன்றைக் கொண்டுபோய் விரித்து அடைத்துவிட்டார்கள். நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை.

கூடப்பிறந்தவர்களுக்கும் சில சமயம் இருக்கும் என்றார். நீ உடனே போ. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளாதே.

உன் அக்கா

மார்ச் 14

அக்கா,

கோபிக்காதே. போகமாட்டேன்.

போய் ஒன்று கண்டுபிடித்தால் என்ன ஆகும்? எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் தாள் கம்பெனிக்குப் போகும். மறுநாள் என்னைக் கீழே இறக்குவார்கள். உன்னையும் வண்டியைத் தொடக்கூடாது என்று உட்கார வைத்தார்களே, அந்த நாட்களில் உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். மேலே ஏறிக் கூண்டுக் கதவைச் சாத்தினால்தான் நான் மனுஷன். கீழே நான் வாடகைக்கு இருப்பவன் மாதிரி.

அதற்கப்புறம் ஒரு முறையும் வரவில்லை. உயிர் என்னுடையது. பயமுறுத்துவதை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுது.

தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

வேறு ஏதாவது எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

உன் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். தபால்பெட்டி வரை போனேன். அங்கே நின்று கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் பேச்சில்லாமல் கிடந்தபோது எல்லோரும் என் தலைக்கு மேலேயே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "இவங்க கஞ்சி குடிப்பாங்களா?" என்று நர்ஸ் பல் டாக்டரைக் கேட்பார். நான் அங்கேயேதான் கிடப்பேன். "அவங்களையே கேளுங்க, கண்ணைச் சிமிட்டுவாங்க" என்று சொன்னது அந்த அம்மா ஒருவர்தான். பேச முடியாதபோது அவர் எனக்காகப் பேசினார். கண் சிமிட்ட முடிந்ததும் நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெரிய மரியாதையை வேறு யாரும் எனக்குச் செய்ததில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரியில் போய் உட்கார்கிறேன். புதிதாக வருபவர்களின் வீட்டு ஆட்களோடு பேசுவதுதான் வேலை. போன வாரம் ஒரு வெல்டர், மனைவிக்கு வெறும் மயக்கம் என்று சொல்லிவிட்டார்களாம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உள்ள போய் கேளுங்க, இதயத்துல ஓட்டை இருக்கான்னு பார்த்தீங்களான்னு கேளுங்க" என்றேன். "நான் எப்படிங்க டாக்டரைக் கேட்கிறது?" என்றார். "நீங்க கேக்காம நானா கேக்கிறது, அது உங்க வீட்டம்மா" என்றேன். போய்க் கேட்டார் தம்பி. கையெடுத்துக் கும்பிட்டபடிதான், ஆனால் கேட்டார். திரும்ப அழைத்துப் பரிசோதனைக்கு எழுதினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உனக்கு வாய் இருக்கிறது. அது இருக்கும்வரை உனக்குப் பதிலாக நான் பேசமாட்டேன். ஆனால் பயமாக இருக்கிறதடா. போன் அடித்தால் எடுப்பதற்குள் என் நெஞ்சு வெளியே வந்துவிடுகிறது.

அக்கா

ஏப்ரல் 20

தம்பி,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் கோபமாகவே இரு. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று ஒரு வரி மட்டும் போடு.

பல் டாக்டர் தேர்வில் பாஸ்.

அக்கா

மே 22

அன்பு அக்கா,

ஒரு வரி போதும் என்றாய். பொறுத்துக்கொள், நீளமாகவே வரும்.

உன் மார்ச் கடிதத்தைக் கூண்டில் வைத்துப் பலமுறை படித்தேன். நீ கம்பெனிக்கு எழுதியிருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிழித்துப் போட்டு என்னை மாட்டிவிட்டாய்.

ஒரு நாள் வேலை தொடங்குமுன் சிக்னல்காரரிடம் போய், "அண்ணே, போன ஜனவரியில டீ கொட்டினேனே, அது குளிரில்ல" என்றேன். அவர், "தெரியும். நீ அன்னிக்குப் பேசின பேச்சை நான் மறக்கல. அன்னியிலேருந்து நீ தூக்குற ஒவ்வொரு தூக்குக்கும் கீழ நிக்கிறவங்களை ரெண்டு மடங்கு தூரம் விலக்கிவிட்டுட்டிருக்கேன். நீயா சொல்லுவேன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றார். அவரே என் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு பேருமாகப் போய் மேலாளரிடம் சொன்னோம்.

மற்ற பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, நேற்று அந்தக் குமிழிப் பரிசோதனை. நீ எழுதியதைப் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்ற தெனாவட்டில்தான் படுத்தேன். இருமச் சொன்னார்கள். அக்கா, என்னென்று சொல்வேன்! கதவு திறந்தது. புள்ளிகள் கூட்டமாகக் கடந்து போயின. எத்தனையோ உயரத்திலிருந்து விடியலைப் பார்த்திருக்கிறேன். இதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. எனக்குப் பயம் வரவில்லை. அம்மா ஞாபகம்தான் வந்தது. அவள் பெயரைச் சொல்லி அழுதேன். பரிசோதனை செய்த பெண், "வலிக்குதா சார்?" என்று பதறிவிட்டாள்.

அடுத்த மாதம் அடைக்கிறார்கள். வருவாயா?

குருவி

மே 27

டேய்,

வராமல்? பல் டாக்டர்தான் ஓட்டிக்கொண்டு வருகிறார். நெடுஞ்சாலையில் அவருக்கு இது முதல் தடவை. எனக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்.

அக்கா

செப்டம்பர் 6

அன்பு அக்கா,

நீ ஊர் திரும்பியபின் எழுதும் முதல் கடிதம். மாத்திரை ஒழுங்காகப் போகிறது. கிரேன் ஏற இன்னும் நாளாகும், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான். சொல்லாமலும் போகலாம். அதை எண்ணி இன்னும் ராத்திரியில் புரண்டு படுக்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

கம்பெனியில் என்னைத் துரத்தவில்லை. சிக்னல்காரரோடு தரையில் நிற்க வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு புதுப் பெண். கெட்டிக்காரி, கை நிதானம். காலையில் ஏறுமுன் எங்களிடம் சிரித்துக் காட்டி, கை தூக்கி, பெயர் சொல்லிவிட்டுத்தான் போவாள். முதல் நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது மேலாளரும் வரிசையில் நிற்கிறார்.

நேற்று ஒரு இரும்புக் கட்டு மேலே போனது. விசிலை ஊதி ஆட்களை விலக்கினேன். கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட்டுக்குத் தண்ணீர் அடிப்பவர், சாப்பாடு கொண்டுவந்த அம்மா, எல்லோரும் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலே இருப்பவரின் கை சரியாக இருக்கிறது என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஜனவரியிலிருந்து நான் இறங்கிய நாள்வரை என் கைக்குக் கீழேயும் இப்படித்தான் நகர்ந்திருப்பார்கள்.

உயிர் என்னுடையது என்று உனக்கு எழுதினேனே அக்கா. எத்தனை பேருடையது என்று எண்ணிப் பார்த்தேன். வந்துகொண்டே இருக்கிறார்கள்.

உன் தம்பி