நான் காலமான குறுஞ்செய்தி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டு குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கவேண்டும். எனக்குத்தான் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

தெருச் சங்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் ஏற்பாடு செய்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதற்கு நீ கோபித்துக்கொண்டு போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர், என்னுடைய கீறல் விழுந்த போன், ஒரு சிம் கார்டு, இவ்வளவுதான் முதலீடு. மென்பொருள் இலவசம், யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் பழுதானால் இன்று தண்ணீர் வராது என்று ஒரு தட்டு தட்டினால் போதும், தெரு முழுக்கப் போய்விடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூலைவீட்டுத் தையல்காரர் தவறிப்போனதும், தயாராக எழுதிவைத்திருந்த இரங்கல் செய்தியை அவசரமாக அனுப்பினேன், பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். காலியாக விட்டால் அனுப்புகிறவர் பெயரையே அது போட்டுக்கொள்ளும். அப்படி மாற்றிவைத்ததும் நான்தான், தண்ணீர் அறிவிப்பில் என் பெயர் வரட்டுமே என்ற ஆசையில். சமையலறையிலிருந்து உன் அம்மா போனும் கையுமாக வந்து, "ஏங்க, நீங்க செத்துட்டதா எனக்கு மெசேஜ் வந்திருக்கே" என்றாள். திருத்தம் அனுப்புவதற்குள் வாசலில் கூட்டம். பால்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்திருந்தார், என்னைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுது முடித்துக் கண்டபடி திட்டினார். அங்கே தையல்காரர் வீட்டில், பாவம், அவர் மனைவி மட்டும் தனியாக. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கம்ப்யூட்டரை அணைக்க வந்தபோதுதான் பார்த்தேன். பட்டியலில் உன் எண்ணும் இருந்தது. இந்த வீட்டுச் செய்தி ஏதாவது உனக்கு வந்துகொண்டிருக்கட்டும் என்று நான்தான் சேர்த்திருந்தேன். இரங்கல் செய்திக்கு எதிரே 'சேர்ந்தது' என்று காட்டுகிறது. உனக்குத் திருத்தம் போகவில்லை, அதற்குள் சிம்முக்கு ஒரு நாளைக்கு இத்தனை செய்தி என்ற வரம்பு தீர்ந்துவிட்டது. உடனே கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். உன்னிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை, அம்மாவுக்குக்கூட.

எண்ணை மாற்றிவிட்டாய் என்றால் புது எண்ணை எழுது. மாற்றவில்லை, அந்தச் செய்தியைப் படித்தாய் என்றால் அதை எனக்கு எழுதவேண்டாம். அது பழைய எண் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

நீ ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்கவேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பா