இனி யாருக்கும் தராத எட்டு

நேற்று என் புது வேனுக்கு நம்பர் பிளேட் மாட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பழைய வேன் மூச்சு வாங்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது, உனக்கே தெரியும். மேட்ச் முடிந்த பிறகு எதிர் டீம்காரி வண்டி என்றுகூடப் பார்க்காமல் அதன் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டுதானே வீட்டுக்குப் போவாய். பொம்மனஹள்ளியில் நம்பர் பிளேட் கடைக்காரர், பிளேட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தவர், ஸ்குரூவைப் பாதியில் நிறுத்திவிட்டு விரல்விட்டு எதையோ கூட்டிப் பார்த்தார்.

"அக்கா, கூட்டினா எட்டு வருதே."

"வரட்டும்ணா."

"புது வண்டிக்கா. குழந்தைங்க ஏறுற வண்டி வேற. முன்னாடியே சொல்லி வேற நம்பர் கேட்டிருக்கலாம்ல?"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், உள்ளே போய் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் ஒன்றை எடுத்து வந்து, காசு வேண்டாம், கட்டிக்கோங்க என்றார். எலுமிச்சம்பழம் இல்லாமல் மைதானத்துக்குள் கால் வைக்காத நான், வேண்டாம் என்றேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம்டீ சொல்வேன்?

நம் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் நீ வந்த முதல் வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். பெண்களுக்கென்று ஒரு ஃபுட்பால் லீக் நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாத காலம். காக்ஸ் டவுன் டீமுக்கு நீ, பொம்மனஹள்ளி டீமுக்கு நான். நீ கோல் அடிக்கிறவள், நான் உன்னை அடிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள். எல்லா டீமிலும் ஏழுக்கு அடுத்தது ஒன்பதுதான். எட்டு சனி நம்பர். அதை யார் முதுகில் போட்டுக்கொள்வார்கள்? ஜெர்ஸி அச்சடிக்கிற கடைக்காரருக்கே அது பழக்கமாகி, நாம் சொல்லாமலே எட்டை விட்டுவிட்டு அடித்து அனுப்புவார். கூட்டினால் எட்டு வருகிறதே என்று பதினேழையும் சிலர் தொடமாட்டார்கள். அந்தச் சிலரில் முதல் ஆள் நான்தான்.

நீ வந்தாய், எட்டு வேண்டும் என்றாய். உன் கேப்டன் பதறிப்போய், "ஏம்மா, வேற நம்பரே இல்லியா?" என்று கேட்டதை நான் மைதானத்தின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நீ ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்:

"நான் எட்டாம் தேதி பொறந்தவக்கா. அதுக்காக என்னை வீட்ல தூக்கியா போட்டுட்டாங்க?"

தூக்கிப் போடவில்லைதான். ஆனால் உன் அம்மா யார் கேட்டாலும் நீ ஒன்பதாம் தேதி பிறந்தவள் என்றே சொல்லிவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் ஒன்பது, பெண் கேட்டு வந்தவர்களிடமும் ஒன்பது. மருந்துக் கடை வேலையில் நாள் முழுக்க நின்ற காலோடு ஒருநாள் என் வேனில் ஏறிப் படுத்துக்கொண்டு இதை நீ சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மைதானத்தில் நீ பண்ணிய அட்டகாசம் இருக்கிறதே! பந்தைக் காலில் வைத்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வரும்போதே ஆரம்பித்துவிடுவாய்: "சனி வருது, விலகிக்கோ! சனி வருது, வழி விடு!" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலைத் தட்டிவிடலாம் என்று நீட்டினால் அந்தக் காலுக்கு அடியிலேயே பந்தை விட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவாய். கோல் அடித்துவிட்டுத் திரும்பி வந்து, செம்மண்ணில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, "அடி பட்டுச்சா?" என்று கேட்பாய் பார், அதுதான் தாங்காது. மனுஷி என்றால் கொஞ்சமாவது திமிர் வேண்டாமா?

வருடங்கள் ஓடின. உன் அளவுக்கு நம் லீக்கில் யாரும் கோல் அடித்ததில்லை, இனி அடிக்கப்போவதும் இல்லை. ஏழுக்கு அடுத்தது ஒன்பது என்றிருந்த டீம்களில் எட்டுக்கு அடிதடி வந்தது. பொம்மசந்திரா டீமில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். உன் ஒருத்தியால் சனி நம்பர் சாமி நம்பர் ஆகிவிட்டது.

பிறகு அந்தக் காய்ச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினாய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் உன் வீட்டு வாசலில் ஜெர்ஸியோடு நின்றுகொண்டிருந்தோம். அழுது முகம் வீங்கிக் கிடக்கிற வீட்டில், காது கேட்கவே யாரோ சொன்னார்கள், "அந்த நம்பரப் போடாத போடாதன்னு அடிச்சிக்கிட்டோம். கேட்டாளா?" உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். நீ போனதைவிட அந்தக் குனிந்த தலைதான் என்னை இன்னும் போட்டு அறுக்கிறது.

அடுத்த சீசனுக்கு எட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒரு பெண்ணின் அம்மா வந்து மாற்றிக் கேட்டார், இன்னொருத்தியின் அண்ணன் வந்து கேட்டான், சிலர் ஜெர்ஸியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனார்கள். லீக் கூட்டத்தில் நம் செக்ரட்டரி எழுந்து, எட்டாம் நம்பரை எல்லா டீமிலிருந்தும் மொத்தமாக எடுத்துவிடலாம், அவங்க ஞாபகமாவும் இருக்கும், எல்லாருக்கும் நிம்மதியாவும் இருக்கும் என்றார். கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் மேலே போயிற்று. என் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"ஏன் மேடம், சும்மா கலாட்டா? உங்க ஃபிரெண்டுக்குத்தானே மரியாதை பண்றோம்?"

"மரியாதையா சார்? எல்லாரும் பயந்து திருப்பிக் குடுத்ததை வாங்கிப் பொட்டியில போட்டுப் பூட்டறதுக்குப் பேரு மரியாதையா? பத்து வருஷம் கழிச்சு வர்ற பொண்ணுங்க என்ன சொல்லுவாங்க? எட்டு போட்டவ செத்துட்டா, அதான் எடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க!"

அதோடு நான் விடவில்லை. நம்பரை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சீசன் எல்லா டீமும் எட்டு போட்டு ஆட வேண்டும், கடைசி நாளில் கொடுக்க மனசே வராதவர்கள் கழற்றிக் கொடுக்கட்டும் என்றேன்.

"போட்டுக்க ஆள் வேணுமே மேடம்? யாரு போடுவாங்க?"

"நான் போடறேன்."

அவ்வளவுதான், இடமே கொல்லென்று சிரித்தது. இடது காலை முதலில் வைத்து மைதானத்துக்குள் நுழையாதவள், கோல் கம்பத்தில் எலுமிச்சை தேய்க்காமல் விசில் ஊதவிடாதவள், எட்டு போடப்போகிறாளாம்! சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில்தான் பெரிய ரகளை. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "ரெண்டு பிள்ளைங்க இருக்கறத மறந்துட்டியா?" என்று கேட்டார். மறக்கவில்லை. அந்த இரண்டும் நாளைக்கு எந்தத் தேதிக்கும் பயப்படக் கூடாது என்றுதான் போடுகிறேன் என்றேன்.

முதல் மேட்ச். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எட்டு போட்ட முதுகு கூசுகிறது, பந்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்தை வெளியே தள்ளுகிறேன் என்று முட்டியை நீட்டினேன். அது நேராக எங்கள் கோலுக்குள்ளேயே போய் விழுந்தது! சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஒரே குரலாக, "பாத்தியா, எட்டு வேலையக் காட்டிடுச்சு!" என்றார்கள். ஒரு நிமிஷம் ஜெர்ஸியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போது எங்கிருந்தோ உன் குரல் கேட்ட மாதிரி இருந்தது: அடி பட்டுச்சா?

நிமிர்ந்து நின்று கத்தினேன். "கோல் போட்டது என் முட்டிடா! எட்டு என்ன பண்ணுச்சு? போன வருஷம் நாலு போட்டுக்கிட்டும் இதே முட்டிதான் இப்படித்தான் போட்டுச்சு, மறந்துட்டீங்களா?"

முதலில் சிரித்தது ரெஃபரி. பிறகு எதிர் டீம். பிறகு வெளியே நின்ற அம்மாக்கள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது. மேட்ச் தோற்றோம். முடிந்ததும் உன் காக்ஸ் டவுன் கேப்டன் என்னிடம் வந்து, "அக்கா, பொம்மனஹள்ளிக்காரங்க எட்டு போட்டு, எங்க டீம்ல இல்லன்னா எங்களுக்கு அசிங்கம்" என்றாள். அடுத்த வாரம் அவள் முதுகில் எட்டு. அதற்கப்புறம் பொம்மசந்திரா. மழைக்காலம் முடிவதற்குள் எட்டு இல்லாத டீமே இல்லை. எட்டு போட்டவர்களில் ஒருத்திக்கு வேலை கிடைத்தது, ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. ஒன்பது போட்டவர்களுக்கும் இதெல்லாம்தான் நடந்தது.

ஃபைனலன்றைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மேட்ச் முடிந்ததும் எல்லா டீமின் எட்டும் மைதானத்தின் நடுவுக்கு வந்தோம். உள்ளே டீஷர்ட் போட்டிருந்தோம், மேலே இருந்ததைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. ஒருத்திக்கும் மனசு வரவில்லை. உன் கேப்டன் ஜெர்ஸி நுனியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரே ஒரு மேட்ச்க்கா" என்று தேம்பினாள். இதைத்தான் நான் கேட்டேன். இப்படிக் கொடுக்க மனசில்லாமல் கொடுக்க வேண்டும் என்றுதானே அன்றைக்கு அத்தனை சண்டை போட்டேன்.

ஒவ்வொருத்தியாகக் கழற்றி உன் அம்மா கையில் கொடுத்தோம். அவர்களால் தூக்க முடியாத அளவுக்குச் சேர்ந்துவிட்டது, இருந்தும் யாரையும் பிடிக்க விடவில்லை. செக்ரட்டரி மைக்கைப் பிடித்து, "இனிமே நம்ம லீக்ல எந்த டீமுக்கும் எட்டாம் நம்பர் இல்ல. அது அவங்களுக்கு மட்டும்தான்" என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் உன் அம்மா அவர் கையிலிருந்த மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டார்கள். மெல்லப் பேசுவதற்கே யோசிக்கிற மனுஷி.

"எம் பொண்ணு எட்டாம் தேதி பொறந்தவ!" என்றார்கள். ஸ்பீக்கர் கீச்சிட்டது. "ஒம்போது இல்ல. எட்டு! எட்டாம் தேதி எனக்குப் பொறந்தவ!"

நான் வாய்விட்டு அழுதேன். மைதானமே எழுந்து நின்று தட்டியது. நீ அடித்த கோல் எதற்கும் இப்படி ஒரு சத்தம் எழுந்து நான் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை புது சீசனுக்குப் பெயர் எழுதினோம். மேஜையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பு மாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சி வந்தவர்களில் அவரும் ஒருவர். எனக்கு முகம் ஞாபகம் இருந்தது. அவருக்கும் என் முகம் ஞாபகம் இருந்திருக்கும், கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

"மேடம், பாப்பாவுக்கு எட்டாம் நம்பர் கெடைக்குமா? எட்டுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

"கெடைக்காதும்மா."

"ஏன் மேடம்? யாரும் போட்ட மாதிரி தெரியலயே?"

"அதுக்கு ஆள் இருக்கு" என்றேன்.

இன்று காலை புது வேனை முதல் முறையாக ஓசூர் ரோட்டுக்கு எடுத்தேன். வண்டி நிறையப் பிள்ளைகள், முன்னால் நகராத டிராஃபிக், குறுக்கே ஒரு ஆட்டோ. கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன். பத்து தரம் ஹாரன் அடிப்பதற்குப் பதிலாக வாயில் வந்தது ஒன்றுதான்.

"சனி வருது, விலகிக்கோ!"

ஆட்டோக்காரர் திடுக்கிட்டு ஒதுங்கினார். பின்னால் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதையே பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பள்ளிக்கூடம் வரைக்கும் வழி நெடுக உன் குரல்தான்டீ.