ரயிலைப் பிடித்து நின்றவள்

உன் சாப்பாட்டுப் பையை உன் மகள் நேற்று என்னிடம் கொடுத்தாள். கருவாட்டு வாசம் இன்னும் போகவில்லை. பக்கத்து ஜிப்புக்குள் நான்காக மடித்த ஒரு தாள். கெட் டவுன், கெட் ஆஃப், அலைட், டிஸ்எம்பார்க். எல்லாம் உன் கோழிக்கிறுக்கல் தமிழில்.

மீஞ்சூர் கம்பெனியில் நம்மை நிரந்தரமாக்க ஆங்கிலப் பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்றதும், பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே போவோமே, அந்தத் தாள். "எறங்குறதுக்கு இத்தினி வார்த்தை வெச்சிகிறானுங்க. இதுல எதுலனா படகப் புடிக்கிறது வருதாடி?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கப் போன நாளிலிருந்து நமக்கு இருக்கும் பழக்கம் அது. முதலில் இறங்குகிறவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவளின் கால் சேற்றில் ஊன்றும்வரை விடக்கூடாது. நீ ரயிலையும் அப்படியே பிடித்தாய். இறங்கியதும் வாசல் கம்பியை இறுக்கிக்கொண்டு, நான் இறங்கும்வரை நிற்பாய். ஒருநாள் கம்பெனிப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. "வுடுடி, ரயிலு இன்னா படகா?" என்று எல்லோர் முன்பும் கத்தினேன். நீ கையை எடுத்துவிட்டாய்.

மறுநாள் நான் முதலில் இறங்கினேன். வேண்டுமென்றே திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ரயில் உன்னை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. தாமதமாக வந்து, என் பக்கத்தில் நின்று கையுறை மாட்டிக்கொண்டே சொன்னாய்: "நீ புடிப்பன்னு வாசல்லயே பார்த்துக்கினு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

அந்த வாரமே உனக்கு மஞ்சள் காமாலை. நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். பதினைந்தே நாளில் போய்விட்டாய்.

இப்போதெல்லாம் ரயிலில் உட்கார முடிவதில்லை. ஏறியதுமே வாசலுக்குப் போய்விடுகிறேன். மீஞ்சூரில் முதல் ஆளாக இறங்கிக் கம்பியைப் பிடிக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள்.

இன்று காலை ஒரு பெண் நின்று கேட்டாள். "எல்லாரும் எறங்கிட்டாங்களே, யாருக்குக்கா நிக்கிற?"

"கூட வந்தவ எறங்கணும்" என்றேன்.

வண்டி நகர்ந்து விரல்களை இழுக்கும்வரை விடவில்லை.