பென்சில் படாத முகம்

அட்டன்,
22.9.63

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு, வடிவு வணங்கி எழுதுவது.

நானும் இவரும் சுகம். அங்கே டயகமவில் மழை விடவே இல்லை என்று லொறிக்காரர் சொன்னார். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? என் மருமகன் அழகன் பள்ளிக்கூடம் போகிறானா, ஆற்றில் மீன் பிடிக்கிறானா? நீங்கள் கொடுத்தனுப்பிய கோழியை அறுக்க மனம் வராமல் வைத்திருக்கிறேன். அது இவருடைய ஸ்டூடியோவுக்குள் புகுந்து, படம் எடுக்க வருகிறவர்களை மிரட்டுகிறது.

அண்ணன் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பொன்னையா முதலாளியின் புடவைக்கடை விளம்பரத்துக்கு நிற்க இங்கே எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் போன தீபாவளிக்கு இவர் என்னை நிறுத்தினார். திரும்பி நிற்கவைத்து, முந்தானையும் பின்னலும் மட்டும் தெரிய எடுத்தார். அதைப் படக்கொட்டகைத் திரையில் விளம்பர சிலைடாகப் போட்டபோது பையன்கள் விசிலடித்தார்களாம். அன்றைக்குப் பார்த்து அண்ணனும் அங்கே இருந்திருக்கிறார். முதுகைப் பார்த்தே தங்கச்சியைத் தெரிந்துவிட்டது. நேரே ஸ்டூடியோ வாசலுக்கு வந்து, "எந்தங்கச்சி என்ன கடச் சாமானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான்.

எனக்கும் ஒரு வருத்தம் இருந்தது அண்ணி. என் முகத்து அம்மைத் தழும்பை மறைக்கத்தான் இவர் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இந்த வருஷம் முதலாளி வந்து, முகத்தோடு படம் வேண்டும், கொழும்பிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்றார். இவர், "ஆள் வீட்லயே இருக்கு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலையிலேயே பனிமூட்டத்தில் தேயிலைக்கு நடுவே நைலெக்ஸ் புடவையில் நிறுத்தினார். இப்படித் திரும்பு, அப்படிப் பார் என்று ஒரே அதிகாரம். அதற்குள் அட்டை காலில் ஏறிவிட்டது. நான் குதித்த குதியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் எடுத்திருக்கிறார், திருட்டு மனுஷன்.

இவருடைய தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நெகட்டிவில் பென்சில் வைத்து எத்தனை மாப்பிள்ளைகளின் மூக்கைத் திருத்தியிருக்கிறார்! மருவும் தழும்பும் இவர் கையில் தப்பாது. என் படத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினார். நான் கதவோரமாக நின்று பார்த்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். "வடிவு, இதுல திருத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். அடுப்படிக்குப் போய் அழுதேன் அண்ணி. சந்தோஷத்தில்தான்.

தழும்பை எடுக்காமல் படம் வேண்டாம் என்று முதலாளி போய்விட்டார். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கி எங்கள் ஸ்டூடியோ சன்னலில் வைத்துவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு டவுனுக்கு வருகிற பெண்கள் நின்று பார்க்கிறார்கள். முகத்தில் தழும்புள்ள ஒருத்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, "என்னையும் இந்த மாதிரி எடுங்கய்யா" என்றாள். அந்தப் புடவையைக் கேட்டுக் கடைக்கும் நாலைந்து பேர் போயிருக்கிறார்கள். இப்போது முதலாளியே வந்து, தழும்பு இருந்தால் இருக்கட்டும், தீபாவளி சிலைடுக்கு அந்தப் படத்தையே கொடுங்கள் என்கிறார்.

அண்ணன் சம்மதிக்காமல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவரும் அதையே முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

அம்மை கண்டு நான் கிடந்தபோது நீங்கள் கல்யாணமாகி வந்த புதிது. பெற்றவர்கள் இல்லாத வீடு. ஊரே ஒதுங்கி நிற்க, நீங்கள்தான் வேப்பிலையால் தடவித் தடவி என்னைப் பிழைக்கவைத்தீர்கள். சன்னலில் இருக்கிற முகம் நீங்கள் கொடுத்தது. அதற்கு எந்த நாளிலும் நன்றி சொல்லி முடியாது. என் முகத்தை நான் பார்த்து அழக்கூடாது என்று வீட்டுக் கண்ணாடியை அண்ணன் உடைத்துப் போட்டதும் எனக்குத் தெரியும். அவர் கோபமெல்லாம் அந்தப் பாசம்தான். என்னை யாரும் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணி. அடுத்த முறை அண்ணன் டவுனுக்கு வரும்போது எங்கள் சன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வர வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்று பார்த்தால் போதும். பிடிக்கவில்லை என்றால் போய்விடட்டும், அன்றைக்கே படத்தைச் சன்னலிலிருந்து எடுத்துவிடுகிறோம். நான் வெளியே வந்து அவரைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

கூப்பிட்டால் மட்டும் வருவேன். மெதுவாகக் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும் என்று சொல்லுங்கள்.

உங்கள் கையால் பிழைத்த
சண்முகவடிவு