டத்தோ கல்லும் சாலை வளைவும்

என் அருமைச் சம்பந்தி நடராஜா,

என் மகனை வீட்டோடு மாப்பிள்ளையாக்கி உங்கள் காஜா பேராங் கிராமத்திலேயே பிடித்து வைத்துக்கொண்ட கில்லாடியே, சுகமா? மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்துவிட்டது, கொடி மாறிவிட்டது. நீ பார்க்காமல் போனாயே என்று அன்று திடலில் நின்று அழுதேன். உனக்கு அப்படி என்ன அவசரம்?

ஆனால் இன்று நல்ல சேதி. புதுச் சாலைக்கு உன் கொல்லை வழியாகக் கோடு போட்டிருந்தார்கள். உங்கள் குடும்பத்து அம்மன் கோயில் சரியாக அந்தக் கோட்டில். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது, "ஜாகா கோயில் பாய்க்-பாய்க்" என்று உன் மலாய்ப் பேச்சில் சொன்னாயே, கோயிலை நன்றாகப் பார்த்துக்கொள் என்று? அதற்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தேன். எல்லா இடத்திலும் காப்பி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

பிறகு மியூசியத்து ஆட்கள் வந்தார்கள். தார் போடும் முன் மண்ணுக்குள் பழைய பொருள் ஏதும் இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்பார்களாம். கொல்லையில் கிடந்த கறுப்புக் கல் என்ன கல் என்று அதிகாரி கேட்டார். உன் மகள் லெட்சுமி அடுப்படியிலிருந்தே, "இத்து பாத்து டத்தோ!" என்று கத்திவிட்டுக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

அவள் சொன்னது தாத்தாவின் கல் என்று. மலாய் பேசும் உங்கள் வீட்டில் டத்தோ என்றால் தாத்தா. ஊருக்கோ காவல் தெய்வமும் டத்தோதான்! கூலியாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"சாமி கல்லுங்கய்யா. கடப்பார வைக்க மாட்டோம், கையாலதான் எடுப்போம்."

உன் அப்பா சாரோங்கை அடித்துத் துவைத்த கல் அது. நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

"பெலான்-பெலான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே மெதுவாக மண்ணை விலக்கினார்கள். நான் வேகமாகச் சைக்கிள் மிதித்தால் நீ வாசலில் நின்று கத்துவாயே, அதே வார்த்தை.

கையால் தோண்டியதால் அடியில் இருந்த செங்கல் வரிசை உடையாமல் வெளிப்பட்டது. ஏதோ பழங்காலத்துச் சுவர். அப்படியே கோயிலுக்கு அடியில் போகிறது. அதிகாரி சேற்றில் குப்புறப் படுத்துப் பார்த்தார். அப்போதுதான் லெட்சுமி துணி வாளியோடு வந்து நின்றாள்.

"ஐயோ, டத்தோ புன்யா பாத்து! தாத்தா துணி துவைச்ச கல்லு! நான் இனிமே எங்க துவைக்கிறது லா?"

விஷயம் புரிந்ததும் அதிகாரி படுத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆனாலும் சுவரைத் தொடக்கூடாது என்று உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டார். சாலை இப்போது நேராக வந்து, உன் கொல்லையைச் சுற்றி வளைந்து போகிறது. கல் கிணற்றடிக்கு வந்துவிட்டது, லெட்சுமிக்கும் கோபம் தீர்ந்தது.

வளைவு கொஞ்சம் குறுகல். எப்பேர்ப்பட்ட லாரிக்காரனும் அங்கே வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். இனி ஊரே உன் வாசலில் பெலான்-பெலான்தான், நடராஜா! நானும் அங்கே சைக்கிளை விட்டு இறங்குவேன். கால் நடக்கிற வரைக்கும் உன் அம்மனுக்குச் சூடம் ஏற்றாமல் அந்த வளைவைத் தாண்ட மாட்டேன்.

உன் சம்பந்தி,
உன் பேரனுக்கு இன்னொரு டத்தோ,
மாணிக்கம்