கிளட்ச் பிளேட்டோடு வரும் பதில்

காமயகவுண்டன்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் நாகஜோதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாடு இரண்டும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதை நீ குன்று மேல் ஏறி நின்று போனில் கத்திச் சொன்னதில் தெரிந்துகொண்டோம். உன் பைக் சுகமில்லை என்பது எங்களுக்கு மட்டுமல்ல, நம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனில் நீ பேசுவதில் பாதியைக் காற்று கொண்டுபோகிறது, மீதியை உன் அப்பா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறார். தவிர, நீ கேட்டது போனில் பதில் சொல்கிற கேள்வியா? அம்மா, நீ வான்னு சொன்னா வண்டியக் கப்பல்ல போட்டுட்டு வந்துர்றேன், போன்னு சொன்னா இந்த ஆப்பிரிக்காவோட தென்முன வரைக்கும் போறேன், நீயே சொல்லு என்று என் தலையில் கட்டிவிட்டு வைத்துவிட்டாய். முப்பது வயது தாண்டியவள், தனியாக நாடு விட்டு நாடு வண்டி ஓட்டியவள், கடைசியில் அம்மாவிடம் உத்தரவு கேட்கிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். நேராகக் கடைசி வரிக்குத் தாவாமல் முறையாகப் படித்துக்கொண்டு வா.

முதலில் சாமான் விஷயம். நீ கிளட்ச் பிளேட்டின் படம் அனுப்பிய அன்றே அதை எடுத்துக்கொண்டு கம்பத்தில் வேல்பாண்டி பட்டறைக்குப் போனேன். உனக்கு வண்டி வேலை சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் உன்னைத் திட்டினான் பார், என்னையும் சேர்த்துத்தான். இது நம்ம தோட்டத்துச் சேத்துல பழகுன பழக்கம்க்கா, திராச்சப் பொட்டிய ஏத்திக்கிட்டு அரைக் கிளட்ச்லயே உறுமி உறுமி ஏத்துவால்ல, அதே மாதிரி அங்கனயும் மழைக்குள்ள மூட்ட முடிச்சோட மல ஏறிருக்கா, பிளேட்டு கருகாம என்ன செய்யும் என்றான். திட்டி முடித்துவிட்டு மதுரைக்குப் போன் போட்டு உன் வண்டிக்கென்றே உள்ள பிளேட் செட்டை வரவழைத்தான். அந்தத் தான்சானியாவில் ரோட்டில் ஓடுவதில் முக்கால்வாசி நம் ஊர் வண்டிதான் என்று நீ சொன்னதை அவனிடம் சொன்னேன், அப்படியிருந்தும் உன் வண்டிக்கு மட்டும் சாமான் கிடைக்கவில்லையே என்று அவனுக்கு ஆற்றாமை. ஊரோடு ஒத்த வண்டி வாங்கியிருக்கலாம் நீ. அதை விடு, நடந்தது நடந்துவிட்டது. பெட்டியைக் கொண்டுவருகிறவன் யார் என்று நினைக்கிறாய், நம் பக்கத்து ஏலக்காயை வாங்கி விற்கும் அமானுல்லா அண்ணன் மகன் நவாஸ்தான். அவர்கள் கிராம்பு வாங்குவது உன் தான்சானியாவில் இருந்துதானாம், இத்தனை வருஷம் அந்தக் கிராம்பைக் குழம்பில் போட்டிருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் கேட்டதில்லை. வியாபாரமாகத் தார் எஸ் சலாம் வருகிறான், அங்கிருந்து நீ இருக்கும் துக்குயுவுக்குப் பஸ்ஸில் போட்டுவிடுவான். பஸ் ஆபீஸில் போய் நின்று உன் பெயரைச் சொல்லி வாங்கிக்கொள்.

இனி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டி நின்ற செய்தி கேட்டதும் வடுகபட்டியிலிருந்து உன் அத்தை அக்கம்மாள் ஒரு மூட்டைப் பூண்டோடு வந்து இறங்கிவிட்டார். பூண்டு உனக்கு அனுப்பத்தான். அத்தனையும் ஏரோப்ளேன்ல போனா என்னையும் சேத்து எறக்கிவிட்ருவாகத்த என்று நவாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். ஆனால் உன் அத்தை வந்தது பூண்டுக்காக இல்லை, தடை பற்றிப் பேச. உனக்குத் தெரியாததா, நம் வீட்டில் யாராவது காரியமாகக் கிளம்பி வழியில் தடை வந்தால் திரும்பி வந்து, உட்கார்ந்து, விளக்குப் பக்கத்தில் இருக்கிற பித்தளைச் செம்பில் ஒரு வாய் தண்ணீர் குடித்து, எழுந்து மறுபடி கிளம்ப வேண்டும். பரீட்சைக்குப் போகும்போது சைக்கிள் செயின் கழன்றது என்று நீயே எத்தனை தடவை மூச்சு வாங்க ஓடிவந்து குடித்திருக்கிறாய். கம்பத்துக்குப் போன எடத்துல தடைன்னா திரும்பி வர்றோம், கண்டம் தாண்டிப் போன பிள்ளைக்கு மட்டும் தடை இல்லையா, வீட்டுத் தண்ணி குடிக்காம அவ இன்னொரு அடி வைக்கக் கூடாது, வரச் சொல்லு தம்பி என்று உன் அத்தை ஒரே பிடி. உன் அப்பாவுக்கு அவர் அக்கா சொன்னால் அப்பீல் ஏது? அக்கா சொல்றதுல என்ன தப்பு, பிள்ள வரட்டும், வந்து குடிச்சிட்டு வேணும்னா அடுத்த வருசம் போகட்டும் என்றார். அடுத்த வருஷம் என்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாங்கள் இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருந்தோம். நான் ஏதோ இதையெல்லாம் நம்பாதவள் என்று நினைத்துவிடாதே. பால்கேனோடு மொபெட்டில் கிளம்பி, வாசல் தாண்டியதும் கால் இடறியது என்று திரும்பி வந்து குடித்துவிட்டுப் போகிறவள்தான் நான். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை. நம்பாதவளாக இருந்தால் போ என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. நேபாளத்தில் பாதி வழியில் இருந்தபோது உன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று கேட்டுத் திரும்பி வந்தாயே, அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. நீ வந்தது சரி, வராமல் இருந்திருந்தால் நானே உன்னை மன்னித்திருக்க மாட்டேன். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்தபின் நீ வேலைக்குப் போனாய், வந்தாய், சிரித்தாய், எல்லாம் சரியாகத்தான் செய்தாய். ஆனால் மாட்டுக்கொட்டத்தில் சாக்குப் போட்டு மூடிவைத்த வண்டி இருந்த பக்கம் நீ திரும்பவே மாட்டாய், சாணி அள்ள வந்தால்கூடச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போவாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது ஜோதி. உன்னை வழியனுப்பிவிட்டு வீட்டில் பயந்துகொண்டிருப்பது எனக்குப் பழகிவிட்டது, அந்த முகத்தைப் பழகிக்கொள்ள மாட்டேன்.

இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தபோதுதான் வியாழக்கிழமை காலை பிளேட் வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். கம்பம்மெட்டு ரோட்டில், பட்டறைக்குக் கொஞ்சம் முன்னால், ஏலக்காய் எடுக்க மலைக்குப் போகிற பெண்களின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சுருளிராஜன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். நம் திராட்சைப் பந்தலில் பழம் வெட்ட வருவாரே பொன்னாத்தாள், அவரும் மற்ற பெண்களும் இறங்கி ரோட்டோரப் புளியமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ களைப்பாறுகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் பொன்னாத்தாள் தன் தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மொபெட்டை நிறுத்தி என்ன மதினி இது என்று கேட்டேன். தடை வந்துருச்சுல்ல ஆத்தா, அதான் குடிச்சிக்கிறோம் என்றார். வீட்டுக்குத் திரும்ப வேண்டாமா என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனபேரும் வீட்டுக்குப் போயிட்டு வந்தா மலையில காய யாரு எடுக்குறது, எங்க மாமியா காலத்துலயே இப்படித்தான் குடிச்சாக, உக்காந்து குடிச்சு எந்திரிச்சாச் சரி, எங்கன உக்காந்தேன்னு சாமி வந்து வெசாரிக்கவா போகுது என்றார். அதற்குள் சுருளிராஜன் ஜீப்பைக் கிளப்பிவிட்டான். எல்லோரும் சேலையைத் தட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். நான் அந்தப் புளியமரத்தடியில் நின்று ஜீப் வளைவு திரும்பும் வரை பார்த்தேன். எனக்கு அப்போதே மனசு லேசாகிவிட்டது, பட்டறைக்குப் போய் வேல்பாண்டியிடம் சிரித்துப் பேசினேன், அவனுக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் ஜீப் கதையைச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். தோட்டத்தில் பழம் நன்றாகத்தான் இருக்கிறது, வெட்டுக்கு முன்னால் ஒரு மழை பெய்துவிட்டால் காய் வெடித்துவிடும், அதனால் தினமும் வானத்தைப் பார்க்கிறார். இங்கே வானத்தைப் பார்த்து முடித்ததும் போனில் துக்குயு வானத்தைப் பார்க்கிறார். அங்கன இன்னைக்கும் மழைதான் என்று சாப்பிடும்போது சொல்வார், நான் கேட்கவே மாட்டேன், அவராகச் சொல்வார். உனக்கு இடம் கொடுத்த அம்மாவைப் பற்றியும் பேச்சு வரும். அங்கே அம்மாவை மாமா என்பார்கள், பெற்ற பிள்ளை பெயரைச் சேர்த்து மாமா நீமா என்று கூப்பிடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பா என்னை மாமா ஜோதி என்று கூப்பிட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்கிறார். ரோட்டில் நனைந்துகொண்டு நின்ற, பாஷை தெரியாத ஒருத்தியை வீட்டுக்குள் கூப்பிட்டு, வாழைக்காய் மூட்டையை வெளியே வைத்துவிட்டு அந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாரே, அவரை நினைக்காமல் நான் விளக்கேற்றுவதில்லை. அவருக்கு ஒரு சுங்குடிச் சேலையும் அமானுல்லா அண்ணன் கடை ஏலக்காயும் பெட்டியில் இருக்கின்றன. சேலையைக் கட்டத் தெரியாவிட்டால் பரவாயில்லை, போர்த்திக்கொள்ளட்டும், அங்கே குளிராமே.

சனிக்கிழமை மாலை பெட்டியை நானே கட்டினேன், நைலான் கயிறு, என் கைக்கு வரும் சாதா முடிச்சு. இன்று காலை நவாஸிடம் கொடுக்க எடுத்தால் முடிச்சு மாறியிருந்தது. திராட்சைப் பந்தலில் கம்பியை இழுத்துக் கட்டுவாரே உன் அப்பா, இழுக்க இழுக்க இறுகும் அந்த முடிச்சு. அதை இந்த வீட்டில் வேறு யாருக்கும் போடத் தெரியாது. பெட்டியும் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. பிளேட்டை எடுத்துவிட்டு வேறு எதையாவது வைத்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பிளேட்டுக்கு அடியில் அவருடைய துண்டில் சுற்றி நம் வீட்டுச் செம்பு இருந்தது. விளக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், செம்பு இருந்த இடத்தில் வட்டமாகத் தடம்தான் இருந்தது. உன் அப்பா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கட்ட உட்கார்ந்தேன், எனக்கு அந்த முடிச்சு வரவில்லை, அவரையே கூப்பிட்டேன், வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் அத்தையிடம் அவரே சொல்லிக்கொள்வார், அது அவர் பாடு.

அதனால் என் பதில் இதுதான். வண்டியைச் சரி பண்ணு. சரியானதும் செம்பைக் கழுவி மாமா நீமாவிடம் கொடுத்து, அவர் கையால் தண்ணீர் ஊற்றித் தரச் சொல். மாமா ஜோதி கேட்டுக்கொண்டாள் என்று சொல், அவருக்குப் புரியும். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து குடி. நின்றுகொண்டு குடிக்காதே, உனக்கு எப்போதும் அவசரம். குடித்துவிட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துப் போ, ஆப்பிரிக்காவின் அந்தத் தென்முனை வரைக்கும் போ.

ஏற்றத்தில் அரைக் கிளட்ச் பிடிக்காதே, வேல்பாண்டி நூறு தடவை சொல்லச் சொன்னான், நான் ஒரு தடவை எழுதிவிட்டேன். இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடு. சுருளி வேலப்பர் துணை இருப்பார், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. செம்பு மட்டும் பத்திரம். தொலைத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லாதே, எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். விளக்குப் பக்கத்தில் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன், நீயே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
ஈ. பாண்டீஸ்வரி