டாக்டர் அன்று சொன்னது

விழுப்புரம்,
16-8-2004.

அன்பு மகள் வெனிலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் உன் தங்கை பிரின்சியும் சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளை ஜோஸ்வினும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்று மாதா திருநாள் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் போன வாரமே வந்தது. பூத்திலிருந்து பேசலாமென்று இரண்டு தடவை கிளம்பினேன், முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்கும் இடத்தில் இதை எப்படிப் பேசுவது என்று திரும்பிவிட்டேன்.

மார்க்கெட்டில் மயங்கி விழுந்தாய் என்று படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏழு கிலோ குறைந்தால் மாதம் ஒழுங்காகும், பிறகு குழந்தைக்குப் பார்க்கலாம் என்று அங்கே டாக்டர் சொன்னார் சரி, அதற்காக மதியம் இரண்டு சப்பாத்தியோடு நாளை ஓட்டுவாயா? சாப்பிடு சாப்பிடு என்று வளர்த்தவள் சொல்வதை இதில் கேட்கலாமா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் அதைவிட என்னைத் தூங்கவிடாதது நீ கடைசியில் எழுதின வரிதான். சின்ன வயதில் டாக்டர் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார், கல்யாணத்துக்குப் பிறகு நானேதான் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். இல்லை வெனிலா. அந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

நீ ப்ளஸ் டூ படித்தபோது நாலு மாதம் தலைக்கு ஊற்றிக்கொள்ளவில்லை, முகமெல்லாம் பரு, மோவாயில் முடி. உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னது, "சினைப்பையில நீர்க்கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுத்துக்கினு வாங்க, விட்டுடாதீங்க" என்பது. வெளியே வந்து உன்னிடம் ஒன்றுமில்லை, ரத்தம் கம்மி என்று சொன்னது நான். கல்யாணமாகாத பெண்ணை அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் மறுபடியும் பார்த்தால் தெருவில் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். கல்யாணமானால் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் அப்பாவுக்கும் தெரியாது. உன் கடிதம் வந்த அன்றுதான் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது, "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது, பொண்ணுகிட்ட சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நீ அனுப்பியிருந்த ஸ்கேன் நகலை எடுத்துக்கொண்டு போய் இங்கே வேறொரு பெண் டாக்டரைப் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, என்னால்தான் வந்ததா என்று கேட்டேன். "உங்களால வரலம்மா. ஆனா அப்பவே பாத்திருந்தா இவ்ளோ தூரம் இழுத்திருக்காது. இப்பவும் கைமீறிப் போவல, பட்டினி கிடந்தாதான் கெட்டுப்போவும்" என்றார். காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டுமாம். வேகமாக நடக்க வேண்டுமாம். கேப்பையானாலும் அளவு உண்டாம், கேப்பைதானே என்று இரண்டு உருண்டை களி தின்றால் எடை இறங்காதாம், அது எனக்கே புதுசு. வேர்க்கடலை என்று அவர் சொன்னது நம் மல்லாட்டைதான், ஒரு கைப்பிடி தின்னலாம். அங்கே கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. மூன்று நாலு கிலோ குறைந்ததுமே சில பேருக்கு மாதம் சரியாகிறதாம், எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை திண்டிவனம் போய் உன் மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் போனது தப்புதான், ஆனால் வாரா வாரம் போனில் விசேஷம் உண்டா என்று அவர் கேட்பதும் நீ பாத்ரூமில் போய் அழுவதும் எத்தனை நாளைக்கு? பஸ்ஸில் போகும்போது ஒலக்கூர் அத்தைக்கு உடம்பு சரியில்லை, பார்க்க வந்தேன் என்று அவரிடம் சொல்லித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான் சொல்லி முடித்ததும் அவர் எழுந்து உள்ளே போனவர்தான், ரொம்ப நேரம் வரவில்லை. காபியும் வரவில்லை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். அப்போது வந்து, "எனக்குக் கோவம்தாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருப்பனோ மாட்டனோ, அது எனக்கே தெரியல. ஆனா கோவம் உங்க மேலதான், அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு" என்றார். இனிமேல் போனில் அதைக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னார். சொன்னபடி நடப்பாரா என்று பயமாகத்தான் இருக்கிறது. கேட்டால் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு.

பிரின்சிக்கும் மூன்று மாதமாக நாள் தள்ளிப்போகிறது. நேற்று முன்தினம் அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன், இந்தத் தடவை அவளையும் உள்ளே உட்காரவைத்துத்தான் பேசச் சொன்னேன். பக்கத்துத் தெரு அம்சவள்ளி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, பொண்ணோட இங்க?" என்று கேட்டாள். ஸ்கேன் எடுக்க வந்தோம் என்று சொன்னேன். அவள் சரி என்று போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா அன்றைக்கு அப்படிப் பயந்தேன் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் நீ என் முதல் பிள்ளை. அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கும் தேதியைத் தவறவிடாதே, மாப்பிள்ளையையும் உள்ளே கூட்டிக்கொண்டு போ. பதில் எழுது. என்மேல் கோபமிருந்தால் கோபமாகவே எழுது, நாலு பக்கமானாலும் படிப்பேன். நலம் நலமறிய ஆவல் என்று ஒரு கார்டு மட்டும் போட்டுவிடாதே.

உன் அம்மா,
பா. சூசை மேரி